யாரும் மூழ்கடிக்காத கப்பற்படை

1919 ஜூன் 21. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே, ஸ்காபா ஃப்ளோ என்ற கடற்குடா. முதலாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் 74 போர்க்கப்பல்கள் அங்கே சிறையிருந்தன. காவல் காத்த பிரிட்டிஷ் கப்பல்கள் அன்று காலை பயிற்சிக்குப் போயின. சமயம் பார்த்திருந்த ஜெர்மன் தளபதி லூட்விக் ஃபொன் ரொய்ட்டர் சைகை கொடுத்தார். மாலுமிகள் அடித்தட்டு வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் 52 கப்பல்கள் கடலடியில்.

சுத்தமான வேலை. உத்தரவிட்டவர் பெயர் தெரியும். நேரம் தெரியும். காரணமும் தெரியும்: எதிரியின் கைக்குக் கப்பல் போகக்கூடாது.

எங்கள் யாழ்ப்பாணத்துக் காரைநகரிலும் ஒரு கப்பற்படை சிறையிருந்தது. பாக்கு நீரிணையில் எல்லைக் கோடு தாண்டி வந்து இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட இந்திய றோலர்கள், அதாவது இழுவைப்படகுகள். அதுவும் மூழ்கியது. ஒரே பகலில் அல்ல, வருடக்கணக்கில், தவணை தவணையாக. யார் மூழ்கடித்தது என்று கேட்டுப் பாருங்கள். கடற்படை சொல்லும், அது வழக்குப் பொருள். நீதிமன்றப் பக்கம் போனால், உரிமையாளர் தவணைக்கு வரவில்லை. கடற்றொழில் திணைக்களம் கொழும்பைக் காட்டும். கொழும்பு டில்லியுடன் பேசிக்கொண்டிருக்கும். டில்லி மனிதாபிமானம் என்று ஆரம்பிக்கும். சென்னை பிரதமருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும்.

ஜெர்மன்காரனுக்கு ஓர் அட்மிரல் தேவைப்பட்டார். எங்களுக்கு ஒரு தபால்பெட்டி போதுமாயிருந்தது.

மரப்படகை மூழ்கடிக்க வால்வு திறக்கவே தேவையில்லை. சும்மா விட்டால் போதும். கட்டிப்போட்ட படகின் பலகை இடுக்குகளில் அடைத்த கலப்பத்து காய்ந்து உதிரும். கசிகிற தண்ணீரை நாள்தோறும் இறைக்க வேண்டும். வழக்குப் பொருளுக்கு யார் தண்ணீர் இறைப்பது? அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. மரத்தைத் துளைக்கும் புழு அடியிலிருந்து தன் வேலையைப் பார்க்கும். கார்த்திகை மழை மேலிருந்து நிரப்பும். காற்றுக் கிளம்பினால் நெருக்கிக் கட்டிய படகுகள் ஒன்றையொன்று இடித்துப் பலகையைப் பெயர்க்கும். ஒருநாள் ஒன்று பக்கவாட்டில் சரியும். பிறகு சுக்கான் அறையின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். சுற்றிலும் டீசல் படலம் வெயிலில் ஏழு நிறமும் காட்டும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதில் வலை போட்டுச் சீவிக்க வேண்டியவனுக்குத்தான் அழகு தெரியாது.

காரைநகர்க் கடற்படை முகாமுக்கு என்ன பெயர் தெரியுமா? எலார. நம்முடைய எல்லாளன்தான். கன்றை இழந்த பசு வந்து அடித்தாலும் நீதி சொல்வேன் என்று அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி கட்டிய மன்னன். பெயரை எடுத்துக்கொண்டார்கள். மணியை எடுத்துவர மறந்துவிட்டார்கள். கட்டியிருந்தால் எங்கள் கடற்றொழிலாளர் இதற்குள் அடித்தடித்தே அதன் கயிற்றை அறுத்திருப்பார்கள்.

பிடிபட்ட படகுக்காக இவ்வளவு உருகுகிறாயே, அது பிடிபட்டது சரியா பிழையா என்று கேட்பீர்கள். சரி. நூற்றுக்கு நூறு சரி.

திங்கள், புதன், சனி. இராமேஸ்வரத்து றோலர்கள் கடலுக்கு இறங்கும் நாட்கள். அந்த நாட்களில் நெடுந்தீவிலும் பருத்தித்துறையிலும் எங்கள் சின்னப் பைபர் போட்டுக்காரன் வலையைக் கரையிலேயே வைத்துவிட்டு யோசிப்பான். இரவில் கரையில் நின்றால் தூரத்தே விளக்கு வரிசை தெரியும். இழுவைமடி கடலடியை வழித்துக்கொண்டு வரும். இரும்பு கட்டிய பலகைகள் இரண்டு பக்கமும் உழுதுகொண்டு போகும். பாசி, முட்டை, குஞ்சு, அட்டை எல்லாம் ஒரே மடியில் ஏறும். குறுக்கே எங்கள் வலை கிடந்தால் அதுவும் போகும். போகிற வலையின் பெறுமதி பல லட்சம் ரூபாய். அது பெரும்பாலும் கடன். வலை போன மறுநாளும் வட்டி போகாது, இருக்கும்.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்ற கருணை. நல்ல சட்டம், கையெடுத்துக் கும்பிடலாம். 62ஆம் நாள் அந்தக் கருணை கடல் எல்லைக் கோட்டோடு நின்றுவிடும். றோலர் நிற்காது. 1974இலும் 1976இலும் இரண்டு அரசுகளும் கடல் மேல் கோடு போட்டன. மீனுக்குத்தான் அந்த வரைபடத்தின் பிரதி கிடைக்கவில்லை என்று பார்த்தால், படகு உரிமையாளருக்கும் கிடைக்கவில்லையாம்.

போர் நடந்த காலம் முழுக்க எங்கள் கடல் எங்களுக்குத் தடை. பாஸ் இல்லாமல் இறங்கினால் சூடு. அந்த வருடங்களில் அக்கரைக்காரர் இந்தக் கடலில் பழகிவிட்டார்கள். போர் முடிந்து நாங்கள் வலையோடு திரும்பி வந்தபோது அவர்கள் கேட்டார்கள், நீங்கள் எங்கே இங்கே?

ஆனால் பிடிபடுகிறவன் யார் என்று பாருங்கள். படகின் சொந்தக்காரன் இல்லை. கூலிக்கு வந்தவன். விளக்கமறியலில் கிடந்து, பெரும்பாலும் ஒத்திவைத்த தண்டனையோடு விடுதலையாகி, கொழும்பு வழியாக விமானத்தில் வீடு போகிறவன். சொந்தக்காரருக்குக் கடலில் கால் நனைவதில்லை. ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு வந்து, படகு என்னுடையது என்று ஆவணம் காட்டி நிற்க வேண்டும் என்று தவணை போட்டால் பலருக்கு அன்றைக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போகும்.

இதில் ஒரு கூத்து. ஆட்களை விடுங்கள், படகுகளை வைத்துக்கொள்ளுங்கள், அவை பணக்காரர்களுடையவை என்று ராஜபக்ச அரசுக்கு யோசனை சொன்னதே தான்தான் என்று சுப்பிரமணியன் சுவாமி 2014 வாக்கில் பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டார். இந்தியாவின் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர், இந்தியப் படகைப் பிடித்துவைக்க இலங்கைக்கு இலவச ஆலோசகர். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். பிடித்துவைக்கச் சொன்னார். வைத்த பிறகு என்ன செய்வதென்று சொல்ல மறந்துவிட்டார்.

எனவே வைத்தார்கள். வைத்தே விட்டார்கள்.

2018 ஜனவரியில் வெளிநாட்டுப் படகுகளுக்கான சட்டத்தைத் திருத்தி, தண்டப் பணத்தை 17 கோடியே 50 லட்சம் ரூபாய் வரை ஏற்றினார்கள். நாடாளுமன்றத்தில் கைதட்டல். அந்த உச்சத் தொகை 75 மீற்றருக்கு மேற்பட்ட கப்பலுக்கு. எங்கள் வலையை அறுக்கிறது அதில் கால்வாசி நீளம்கூட இல்லாத மரப்படகு. திமிங்கிலத்துக்குச் சட்டம் செய்துவிட்டுத் திருக்கையைப் பிடிக்கப் போன கதை.

2020 நவம்பரில் 121 படகுகளை அழிக்கலாம் என்று நீதிமன்ற உத்தரவு வந்தது. அப்போதுதான் பாக்கு நீரிணையின் இரண்டு பக்கமும் எல்லாருக்கும் அந்தப் படகுகள் ஞாபகம் வந்தன. அறிக்கைகள் பறந்தன. கடிதங்கள் பறந்தன. அதுவரை அவை என்ன செய்துகொண்டிருந்தன? உக்கிக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டிலிருந்து பார்க்க வந்த குழுக்கள் பெரும்பாலானவை இனிக் கடலுக்கு ஆகாது என்று கைவிரித்துவிட்டுப் போயின. உயிரோடு இருந்தபோது மீட்க வராதவர்கள், பிணத்தை எரிக்கப் போகிறார்கள் என்றதும் மாலையோடு வந்தார்கள்.

அழிக்கவும் இல்லை. 2022 பெப்ரவரியில் ஏலம் போட்டார்கள். 7ஆம் திகதி காரைநகரில் 65 படகு. மறுநாள் காங்கேசன்துறையில் 5. பிறகு கிராஞ்சியில் 24, தலைமன்னாரில் 9, கற்பிட்டியில் 2. மொத்தம் 105. பத்திரிகை விளம்பரத்தில் அவற்றுக்குப் பெயர் படகுகள். வாங்க வந்தவன் கண்டது எஞ்சின் இரும்பும் விறகும். ஒருகாலத்தில் ஒவ்வொன்றும் பல லட்சம் இந்திய ரூபாய்க்குக் கட்டப்பட்டது. அன்றைக்குக் கிலோக் கணக்கு.

ஸ்காபா ஃப்ளோவிலும் கடைசியில் பழைய இரும்புக்காரன்தான் வந்தான். ஏர்னெஸ்ட் கொக்ஸ். கப்பல் தூக்கிய அனுபவம் துளியும் கிடையாது. 1924இல் வேலையைத் தொடங்கி, கவிழ்ந்த கப்பல்களின் துளைகளை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி ஒவ்வொன்றாக மிதக்கவிட்டான். 'ஹிண்டன்பேர்க்' என்ற ராட்சதக் கப்பல் பல தடவை அவனை ஏமாற்றி, 1930இல்தான் மேலே வந்தது. அவனுக்குப் பெரிய இலாபமும் இல்லை. ஆனால் மிஞ்சிக் கிடந்த உருக்கு பிற்காலத்தில் கதிர்வீச்சை அளக்கும் நுண்கருவிகளுக்குப் போனது. அணுகுண்டுக் காலத்துக்கு முந்திய உருக்கு, அதனால் தூய்மையானது. பகைவனின் கப்பலில்கூட விஞ்ஞானத்துக்கு ஒரு துண்டு கிடைத்தது. உறவினரின் கப்பலில் எங்களுக்குக் கிடைத்தது ஆணி.

காரைநகர் ஏலத்துக்கு முந்திய நாட்களில் வத்திராயனிலிருந்து தொழிலுக்குப் போன இருவர் உடலாகத்தான் கரைக்கு வந்தார்கள். றோலர் இடித்ததென்று சொல்லிச் சுப்பர்மடத்தில் சனம் வீதியை மறித்துக் குந்தியது. அதற்கு ஒரு வருடம் முன்னர், 2021 ஜனவரி 18, நெடுந்தீவுக் கடலில் கடற்படைப் படகோடு மோதி ஒரு றோலர் மூழ்கியது. அதிலிருந்த நால்வரும் செத்தார்கள். ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த ஈழ அகதி. குண்டுக்குப் பயந்து இந்தக் கடலைக் கடந்து ஓடிப்போன குடும்பத்துப் பிள்ளை, இந்தியப் படகில் கூலியாக இதே கடலுக்குத் திரும்பி வந்து, எல்லை மீறியவன் என்ற பெயரோடு முடிந்தான். இதற்கு எந்த அமைச்சு பதில் சொல்லும்? இதற்கான படிவமே எந்த அலுவலகத்திலும் இல்லை.

படகு இனி வராது என்றானதும் தமிழ்நாடு அரசு 108 விசைப்படகுகளுக்குத் தலா 5 லட்சம், 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா ஒன்றரை லட்சம், மொத்தம் 5.66 கோடி இந்திய ரூபாய் நிவாரணம் அறிவித்தது. கொடுக்கட்டும். அவர்களிலும் கடன்காரர் உண்டு. ஆனால் அந்தப் படகு கிழித்த வலைக்கு யார் நிவாரணம்? சென்னையில் மேடையேறினால் நாங்கள் தொப்புள்கொடி உறவு. அந்தக் கொடி இழுவைமடியில் மாட்டி எவ்வளவோ நாளாயிற்று. மேடையில் நிற்பவர்கள் கொஞ்சம் குனிந்து பார்க்கலாம்.

றோலரை ஒழித்து ஆழ்கடலுக்கு அனுப்பப் போகிறோம் என்று 2017 ஜூலையில் மோடி இராமேஸ்வரத்துக்கே வந்து திட்டம் தொடக்கிவைத்தார். மூன்று வருடத்தில் 2,000 படகுகள் மாற்றப்படும் என்றார்கள். பத்திலொரு பங்குகூடத் தேறவில்லை. ஆழ்கடல் ஆழமாக இருக்கிறதாம். எங்கள் கடல் வசதியான ஆழம்.

இங்கே நாங்கள் மட்டும் சளைத்தவர்களா? 2021 ஜூனில் எங்கள் கடற்றொழில் அமைச்சு ஒரு புரட்சி செய்தது. ஓடித் தேய்ந்த பஸ்களைக் கப்பலில் ஏற்றி, நெடுந்தீவுப் பக்கக் கடலில் இறக்கி மூழ்கடித்தது. மீன் குடியிருக்க வீடாம். அப்போதைய அமைச்சர் டக்ளஸ் தேவானந்தா. கவனியுங்கள்: பிடிபட்ட படகுகள் தாமாகவே மூழ்குவதை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அதே அரசு, மூழ்கடிப்பதற்கென்று காசு கொடுத்துப் பஸ்களை ஏற்றிவந்தது. தீவுப் பகுதியில் பஸ் வராதா என்று வீதியில் காய்கிற சனத்துக்குக் கடைசியில் பஸ் வந்தது. நிறுத்தம்தான் கொஞ்சம் ஆழத்தில்.

அதே ஜூன் மாதம் கொழும்புக் கடலில் எரிந்து முடிந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் அமிழ்ந்துகொண்டிருந்தது. கரையெல்லாம் பிளாஸ்ரிக் மணிகள், செத்த ஆமைகள். தெற்கில் அமைச்சர்கள் கடலன்னைக்காகக் கண்ணீர் விட்டார்கள். நட்டஈடு கேட்டு வெளிநாட்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். வடக்கில் அதே அரசு பஸ்ஸை இறக்கிவிட்டுக் கைதட்டியது. கடல் ஒன்றுதான். கண்ணீர்தான் மாகாணவாரியாகப் பங்கிடப்பட்டது.

அக்கரையில் இதற்கும் ஆர்ப்பாட்டம். பஸ் போட்டால் எங்கள் மடி கிழியும் என்றார்கள். எங்கள் கடலில் உங்கள் மடிக்கு என்ன வேலை என்று ஒருவர்கூட அந்த மேடையில் கேட்கவில்லை. இரண்டு அரசுகளின் சேவைகளையும் தராசில் வைத்தால், கடலடியில் கிடக்கிற அந்த ஓட்டைப் பஸ்தான் எங்களுக்காக நின்றது. ஒரு சாரதியும் இல்லாமல்.

காங்கேசன்துறைக்கு வாருங்கள். போர்க்காலத்தில் துறைமுகத்தில் அமிழ்ந்து கிடந்த கப்பல்களை இந்தியப் பணத்தில் தூக்கினார்கள். நன்றி சொன்னோம், உண்மையாகவே சொன்னோம். பிறகு அதே கரையோரத்தில் இந்தியப் படகுகளே அமிழத் தொடங்கின. தூக்குவதும் அவர்கள், தாழ்வதும் அவர்கள். நடுவில் நிற்கிற எங்களுக்கு வேலை, நன்றி சொல்வது மட்டும்.

பக்கத்தில் மயிலிட்டி. 1990இல் பறிபோன ஊர். இந்தத் தீவுக்கே மீன் கொடுத்த துறைமுகம். 27 வருடம் முள்ளுக்கம்பிக்கு உள்ளே கிடந்து, 2017 ஜூலையில் திரும்பி வந்தது. முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அப்பனின் துறைமுகத்தை முதன்முதலில் கண்டார்கள். புனரமைத்தார்கள், பிரதமர் வந்து திறந்தார். கொஞ்ச நாளில் இறங்குதுறையில் இடம் பிடித்தது யார்? பிடிபட்ட றோலர்கள். இராணுவத்திடமிருந்து மீட்ட துறையில் வழக்குப் பொருள் குடிபுகுந்தது. எங்கள் வள்ளம் எங்கே கட்டுவது என்று மயிலிட்டிக்காரன் கேட்டால், வழக்கு முடியட்டும் என்கிறார்கள். முகாமில் இருந்த காலத்திலும் இதே பதில்தான்: போர் முடியட்டும்.

2025 செப்டெம்பர் 1, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மயிலிட்டிக்கு வந்தார். மூன்றாம் கட்ட அபிவிருத்தியைத் தொடக்கிவைத்தார். அன்றைக்கே படகேறி, 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்கு வந்த கச்சதீவுக்கும் போனார். பதினொரு நாட்களுக்கு முன்னர்தான் மதுரை மாநாட்டில் நடிகர் விஜய், கச்சதீவை மீட்டுத் தாருங்கள் என்று மோடியைக் கேட்டிருந்தார். மோடி கட்சியே 2024 தேர்தலில் கச்சதீவைப் பிரசாரமாக்கியது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் தீர்மானமே போட்டது. 285 ஏக்கர். குடிதண்ணீர் இல்லை. குடியிருப்பவர் தேவாலயத்து அந்தோனியார் ஒருவர்தான். அவரை யாரும் கேட்கவில்லை. கச்சதீவு நாளைக்கே கை மாறினாலும் றோலர் அங்கே மடி போடப்போவதில்லை. அங்கே வழித்து முடித்துவிட்டுத்தானே இங்கே வருகிறார்கள்.

நமது பக்கத்து அழுக்கையும் சொல்லிவிடுவோம். இழுவைமடியைத் தடைசெய்யும் சட்டம் 2017 ஜூலையில் வந்தது. அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணை. அந்தத் தடையை முதலில் எதிர்த்தவர்களில் குருநகர் றோலர்காரரும் இருந்தார்கள். இராமேஸ்வரத்து மடி கொள்ளை, குருநகர் மடி வாழ்வாதாரம் என்று நம்மிலேயே பலர் நியாயம் பேசினார்கள். கடலடிக்கு ஊர்ப்பெயர் தெரியாது. நம் தலைவர்களுக்கு நன்றாகத் தெரியும், வாக்காளர் பட்டியலோடு.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. எங்கள் சின்னப் போட்டின் எஞ்சின் ஓடுவது அதில்தான். றோலருக்குப் பயந்து மூன்று நாள் வீட்டில், எண்ணெய்க்குப் பயந்து மிச்ச நாள் வீட்டில். கடலை அரசே இவ்வளவு நேர்த்தியாகப் பாதுகாத்த காலம் வேறு இல்லை.

இன்றைக்கும் பிடிக்கிறார்கள். இன்றைக்கும் கட்டிப்போடுகிறார்கள். இன்றைக்கும் யாரும் தண்ணீர் இறைக்கவில்லை. இரண்டு அரசுகளும் 2016இல் கூட்டுச் செயற்குழு அமைத்தன. அது கூடுகிறது, தேநீர் குடிக்கிறது, மீண்டும் கூட முடிவெடுக்கிறது.

எங்களுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஒரு பட்டியல் போதும். இதுவரை எத்தனை படகு பிடித்தீர்கள், எத்தனை துறைமுகத்திலேயே தாழ்ந்தன, எத்தனை விற்றீர்கள், எவ்வளவு வந்தது, அதில் வலை இழந்தவன் கைக்கு எத்தனை சதம் போனது. ஐந்தே ஐந்து நிரல். கொழும்பில் அச்சடிக்கக் கடதாசி இல்லையென்றால் கடற்றொழிலாளர் சமாசக் கட்டடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது. வந்து எழுதுங்கள். கரிக்கட்டி எங்களுடையது, அதுவும் உங்கள் ஏலத்தில் வாங்கிய பலகையை எரித்ததுதான்.